இரண்டு வயது தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) குட்டி: முன்கால் குழல் எலும்பில் சூடும் வலியும்

கேள்வி:
மேய்ச்சலில் இருந்து லாயத்துக்கு மாற்றி மூன்று மாதம் ஆகிறது. தினமும் நீண்ட மெது ஓட்டம்தான், வேகமே கொடுக்கவில்லை. அப்படியும் குழல் எலும்பின் (முன்கால் முட்டிக்குக் கீழே உள்ள நீண்ட எலும்பு) முன்பக்கம் தொட்டால் காலை இழுக்கிறது. ஏன்?

பதில் 1:
வேகம் கொடுக்காததுதான் காரணம் சார். எலும்பு சுமையின் அளவைப் பார்த்துத்தான் வளரும். ஓடிய தூரத்தை அது பெரிதாகக் கண்டுகொள்ளாது. லாயத்தில் அடைத்ததும் முதல் இரண்டு மாதத்தில் தாது அடர்த்தி குறையும். அந்த எலும்பில் மெது ஓட்டம் களைப்பை மட்டும் சேர்க்கும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டேவிட் நுனமேக்கர் வகுத்த முறை: சுமார் 1 மைல் காலப் (நாலுகால் பாய்ச்சல்), அதில் கடைசி 200 மீட்டர் மட்டும் 15 வினாடியில், வாரம் இருமுறை, 5 வாரம். அடுத்த 5 வாரம் 400 மீட்டர், 30 வினாடி. ஆனால் இதெல்லாம் வலி அடங்கிய பிறகுதான்.

பதில் 2:
முதலில் எக்ஸ்ரே எடுங்கள். முன்பக்கம் வெளிப்புறமாக விரிசல் இருந்தால் வேக வேலை அதை முழு முறிவாக்கிவிடும். பியூட்டாசோன் என்ற வலி மருந்தைக் கொடுத்து ஓட்டவே ஓட்டாதீர்கள். வலி மறையும், சேதம் தொடரும். பாவம், குட்டியால் சொல்ல முடியாது.

பதில் 3:
தீவனமும் பாருங்கள். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. மொத்தத் தீவனத்தில் கால்சியம் 1.5 முதல் 2 பங்கு, பாஸ்பரஸ் 1 பங்கு இருக்கட்டும். கால்சியம் மிகுந்த குதிரை மசால் தீவனம் சேர்த்தால் ஈடாகும். ஓய்வுக் காலத்திலும் சிறு திடலில் தினமும் அவிழ்த்து விடுங்கள், விரிசல் இல்லை என்று உறுதியான பிறகு.