அங்குலம் கூடியது, உயரம் குறைந்தது

இதழ்களுக்குப் பக்கம் போடுவது என் வேலை. பல வருடமாக 19 அங்குலச் சதுர மானிட்டர்தான். சதுரம் என்று நாம் சொல்கிறோமே தவிர அதன் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 5:4, அதாவது 1280×1024 புள்ளிகள். திரை மங்கத் தொடங்கியதும் சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் ஒரு 22 அங்குல அகலத்திரையைக் காட்டி, "உங்களோடதைவிட மூணு அங்குலம் பெருசு சார்" என்றார். சரியென்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பக்கம் போடும் மென்பொருளான இன்டிசைனைத் திறந்தால் ஏதோ இடிக்கிறது. கல்லூரி மலர் ஒன்றின் ஏ4 பக்கத்தை முழுசாகத் தெரிய வைத்தால் அடிக்குறிப்பெல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது. வீட்டுக்காரியின் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். பழைய திரை 30 செ.மீ. உயரம். புதியது 27கூட இல்லை! பெட்டியில் 22 என்றிருந்தாலும் உள்ளே இருந்தது 21.5 என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கடையில் சொல்லும் அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. அந்த அளவு மாறாமல் திரையை அகலமாக்கினால் உயரம் இளைத்துவிடும், மொத்தப் பரப்பும் கொஞ்சம் குறையும். இந்தப் புதுத் திரை மாதிரியான 16:9 விகிதத் திரையில் என் பழைய உயரம் திரும்பக் கிடைக்கவே 24 அங்குலம் வேண்டும். இதைக் கணக்குப் போட்டபோது ராத்திரி ஒரு மணி.

கடைசியில் 24 அங்குலத்திலேயே 16:10 வாங்கினேன், 1920×1200. உயரம் 32 செ.மீ.க்குச் சற்று மேல். விலை கூடுதல், தேடிப் பிடிப்பதும் சிரமம். ஆனால் முதல் நாளே ஏ4 பக்கத்தை நிஜ அளவில் வைத்து, அச்செடுத்த தாளைத் திரைமேல் பிடித்துப் பார்த்தேன். விளிம்போடு விளிம்பு பொருந்தியது. எதிர்ப்பக்கத்தையும் பக்கத்திலேயே வைக்கலாம். இரண்டும் சேர்ந்து 42 செ.மீ., திரை அகலம் 51 செ.மீ.க்கு மேல்.

* * *

மேலே எழுதிய பக்கம் போடுபவருக்கு நேர் எதிர் கதை எனக்கு. கணக்கு எழுதுகிறவன் நான், உயரத்தைவிட அகலம்தான் தேவை. 34 அங்குல 21:9 வைத்திருக்கிறேன். ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு மாதமும் மொத்தமும் எக்செல்லில் ஒரே பார்வையில் தெரியும். நீங்கள் சொன்ன மாதிரி அளந்து பார்த்தேன். அகலம் கிட்டத்தட்ட 80 செ.மீ., ஆனால் உயரம் 27 அங்குலச் சாதாரணத் திரைக்கு உள்ளதுதான்.

ஒரு தடவை மானம் போனது. ஜூமில் முழுத்திரையையும் பகிர்ந்து அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் வாடிக்கையாளர், "தம்பி, எனக்கு ஒரு ரிப்பன் மாதிரிதான் தெரியுது, எழுத்து ஒண்ணும் படிக்க முடியல" என்றார். அவரிடம் இருந்தது சின்ன மடிக்கணினி. இப்போதெல்லாம் ஒரு சன்னலை மட்டும்தான் பகிர்வது. அகலமாக எடுத்த சினிமாஸ்கோப் படம் மட்டும் கறுப்புப் பட்டை இல்லாமல் திரை நிறைய ஓடும். அது பையன் கணக்கில் வரவு.

* * *

நிரல் எழுதுகிற எனக்கும் முதலாமவர் மாதிரி உயரம்தான் வேண்டும், ஆனால் 16:10க்குக் காசு இல்லை. அதனால் இருந்த 24 அங்குல 16:9 திரையைச் செங்குத்தாகத் திருப்பிவிட்டேன். அதன் ஸ்டாண்டு சுழலாது. பின்பக்கம் 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருந்ததால் மானிட்டரைத் தாங்கும் கை (ஆர்ம்) ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டினேன்.

திருப்பியதும் இடது கண்ணுக்கு ஒரு நிறம், வலது கண்ணுக்கு ஒரு நிறம். அது டிஎன் என்ற வகைத் திரை! அதை மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் மாறும். திரையைப் படுக்க வைத்திருந்தவரை அது உறைக்கவில்லை, நிமிர்த்தியதும் அந்தக் குறை பக்கவாட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் தலைவலியோடு ஓட்டிப் பார்த்தேன். பிறகு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரை ஒன்றை, பழையதாக நண்பனிடம் வாங்கி அதே கையில் மாட்டினேன். ஒரு கோப்பில் பாதியாவது இப்போது உருட்டாமல் தெரிகிறது.