எடை குறைப்பு ஆபரேஷன் முடிந்தவர்கள் மெடிக்கல் அலர்ட் பிரேஸ்லெட் போடுகிறீர்களா?

நொய்யல்கரை கேட்டது:

வணக்கம். வயது 34, ஊர் திருப்பூர். ஏழு மாதத்துக்கு முன்னால் காஸ்ட்ரிக் பைபாஸ் செய்துகொண்டேன். 118 கிலோ இருந்தவள் இப்போது 86. சர்க்கரை மாத்திரையும் நின்றுவிட்டது, அந்த வகையில் நிம்மதிதான்.

போன வாரம் முதுகு பிடித்துக்கொண்டு நிமிரவே முடியவில்லை. வீட்டுக்காரர் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். காய்ச்சல் இருக்கிறதா, அலர்ஜி இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. வலியில் நானும் ஆபரேஷனைப் பற்றி வாயே திறக்கவில்லை. இடுப்பில் ஒரு ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை. வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்துப் பார்த்தால் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. ஊசியும் அதுவேதான். டிஸ்சார்ஜ் அன்று டயட்டீஷியன் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, ஆயுசுக்கும் கூடாது என்று கொடுத்த பட்டியலில் முதல் பெயரே அதுதான். மாத்திரையைத் தொடவில்லை. சர்ஜனுக்குப் போன் செய்தேன், நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அன்றைக்கு இரவு தூக்கமே வரவில்லை. நினைவோடு இருக்கும்போதே சொல்ல மறந்தேன், ஸ்கூட்டியில் போகும்போது அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தால் யார் சொல்வார்கள்? வெளிநாட்டில் இதற்கென்றே கையில் பிரேஸ்லெட் போடுகிறார்களாமே. பர்ஸில் ஒரு அட்டை வைத்தால் போதும் என்கிறார் வீட்டுக்காரர். அம்மாவோ, வியாதியைக் கையில் எழுதிக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்பாயா என்கிறார். போட்டிருக்கிறவர்கள் சொல்லுங்கள், என்ன எழுதுவது, எங்கே செய்வது?

மலைக்கோட்டை_மணி:

நான் ஸ்லீவ் செய்து மூன்று வருஷம் ஆகிறது. எதுவும் போடவில்லை, என் டாக்டரும் சொல்லவில்லை. ஸ்லீவில் குடலை வெட்டி ஒட்டுவது இல்லை, வயிற்றைத்தான் நீளவாக்கில் குறைக்கிறார்கள், அதனால் பைபாஸ் அளவுக்குக் கட்டுப்பாடு கிடையாது. போனிலேயே லாக் ஸ்க்ரீனில் எமர்ஜென்சி தகவல் போடும் வசதி இருக்கிறது, அதில் எழுதி வைத்திருக்கிறேன். இதுவே போதும் என்பது என் எண்ணம்.

வைகை_சிஸ்டர்:

மதுரைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் கேஷுவால்ட்டி ஸ்டாஃப் நர்ஸ், 11 வருஷமாக. மணி சார், போனில் எழுதியது நல்ல காரியம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். 108-ல் அடிபட்டு வருகிறவரின் போன் பெரும்பாலும் உடைந்திருக்கும், இல்லை என்றால் ரோட்டிலேயே கிடக்கும். பர்ஸ் போலீஸ்காரர் கைக்குப் போய்விடும். கூட வந்தவர் தூக்கிவிட்ட ஆட்டோக்காரராக இருப்பார், அவருக்குப் பேஷண்ட் பேரே தெரியாது. நாங்கள் முதலில் தொடுவது மணிக்கட்டைத்தான், நாடி பார்க்க. அங்கே ஒரு தகடு இருந்தால் கண்ணில் படாமல் போகாது.

வயிற்றைப் பார்த்தால் தெரியாதா என்று நினைக்கலாம். தெரியாது. லேப்ராஸ்கோப்பியில் நாலைந்து சின்னத் தழும்புதான் இருக்கும், பித்தப்பை எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

எனக்குப் பெரிய பயம் ரைல்ஸ் ட்யூப். மயக்கத்தில் வாந்தி எடுக்கிறவருக்கு மூக்கு வழியாக அதை இறக்குவது எங்களுக்குக் கை பழகிய வேலை, முழு வயிறு இருப்பதாக நினைத்துத்தான் தள்ளுவோம். பைபாஸ் செய்தவருக்கு மேலே மிஞ்சி இருப்பது ஒரு முட்டை அளவுப் பை, அதற்குக் கீழே தையல். கண்ணால் பார்க்காமல் தள்ளினால் கிழிய வாய்ப்பு உண்டு, முதல் சில மாதங்களில் இன்னும் அதிகம். முன்கூட்டியே தெரிந்தால் சர்ஜனைக் கூப்பிட்டு, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே போடலாம்.

வலி மருந்து விஷயம். ஊசிதானே, வயிற்றுக்குள்ளே போகவில்லையே என்று நினைக்காதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மருந்துகள், என்எஸ்ஏஐடி என்போம், ரத்தத்தில் கலந்தே வயிற்றின் பாதுகாப்புப் படலத்தைக் குறைக்கும். பையும் குடலும் சேரும் இடத்தில் புண் வரும், ரத்தம் கசியும், ஓட்டை விழவும் கூடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துத் தருகிற காம்பிஃப்ளாமிலும் ஐபுப்ரோஃபென் இருக்கிறது. பாராசிட்டமால் வேறு வகை, அதைப் பொதுவாகக் கொடுக்கலாம்.

மணி சார், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் ஒன்று பொருந்தும். நாள் கணக்கில் வாந்தி எடுத்து வந்தால் உடம்பில் தயமின், அதாவது பி1, காலியாகி இருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ட்ரிப் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். வாந்தி, சோர்வு என்றால் எல்லோரும் முதலில் குளுக்கோஸைத்தானே ஏற்றச் சொல்வார்கள்? நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள் சார்.

ஸ்காபரோ_செல்வி:

தங்கச்சி, நான் கனடாவில் இருக்கிறன், பைபாஸ் செய்து ஆறு வருஷம். இங்கே இது சாதாரணம், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. இது தொடங்கினதே ஒரு வீட்டுக் கதைதான். 1953-ல் கலிஃபோர்னியாவில் டர்லாக் என்ற ஊரில் ஒரு டொக்டரின் மகளுக்குக் கையில் காயம், டெட்டனஸ் மருந்தைச் சோதிக்கப் போட்ட துளியே உயிருக்கு ஆபத்தாகிவிட்டது. பிறகு தாய் தகப்பன் காகிதத்தில் எழுதி அவளின் கையில் கட்டி அனுப்பினவை. அது பிறகு வெள்ளிக் காப்பு ஆகி, 1956-ல் மெடிக்அலர்ட் என்ற அமைப்பு ஆனது. அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கோ.

எனக்கு இது உதவினது வேறு மாதிரி. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் சீனி திடீரென்று இறங்கும், பைபாஸ் செய்த சிலருக்கு வருஷம் கழித்து வருகிற பிரச்சினை. ஒருநாள் பஸ்ஸில் வேர்த்து, கை நடுங்கி, நாக்குத் தடுமாறிப் போச்சு. பக்கத்தில் இருந்தவர்கள் குடித்திருக்கிறேன் என்று விலகினார்கள். ஒரு பிள்ளை மட்டும் காப்பை வாசித்து அவசர உதவிக்கு அழைத்தது, வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தபோது சீனி உங்கட ஊர்க் கணக்கில் 48.

இன்னும் ஒன்று. மெலிய மெலிய மணிக்கட்டும் சிறுக்கும். என் முதல் காப்பு பாத்திரம் கழுவும்போது கழன்று விழுந்தது. கண்ணி கழற்றக்கூடிய சங்கிலியாக வாங்குங்கோ. எம்ஆர்ஐ எடுக்கும்போது கழற்றச் சொல்லுவினம், அந்த நேரம் வாயால் சொல்ல மறக்க வேண்டாம்.

வைகை_சிஸ்டர்:

செல்வி அக்கா சொன்னதோடு ஒன்று. நொய்யல்கரை, அடுத்து குழந்தைக்குப் பார்க்கிறீர்கள் என்றால் சர்ஜன் சொன்ன இடைவெளி முடியட்டும், பெரும்பாலும் ஒன்றரை வருஷம் வரை காக்கச் சொல்வார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை பார்க்க 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள், பைபாஸ் செய்த பலருக்கு அது தாங்காது, படபடப்பு, வயிற்றுப்போக்கு, மயக்கம் வரலாம். வேறு முறையில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கட்டும், எந்த மாநிலத்து டாக்டரும் படிப்பார். நாலு வரி போதும்.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி, சிஸ்டர் எழுதியதை அப்படியே வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ஆன்லைனில் தேடாமல் இங்கேயே செய்துவிட்டேன். மாமா பையனின் எவர்சில்வர் சங்கிலியில் ஒரு தகடு இருந்தது, அதைப் பாத்திரக்கடையில் சீர்வரிசைக் குடத்துக்குப் பெயர் வெட்டுகிற அண்ணனிடம் கொடுத்தேன். மிஷின் கிர்ரென்று ஓட, ஐந்து நிமிஷத்தில் முடித்தார். காஸ்ட்ரிக் பைபாஸ், வலி மருந்தில் என்எஸ்ஏஐடி வேண்டாம், பார்க்காமல் மூக்குக் குழாய் வேண்டாம், வீட்டுக்காரர் நம்பர். பின்பக்கம் இடம் இருந்தது, அம்மா நம்பரையும் போடச் சொன்னேன். அந்த அண்ணன் எதற்கு என்று கேட்டுவிட்டுக் காசு வாங்க மறுத்தார், நான்தான் கல்லாவில் வைத்துவிட்டு வந்தேன். அம்மா சாயங்காலம் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், தன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார்.