அப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுகிறார்: எப்படிச் சொல்வது?

கேள்வி:
அப்பாவுக்கு 68 வயது. போன் வந்தால் எடுத்த கையோடு ஸ்பீக்கரைத் தட்டிவிடுவார். வீட்டில் பரவாயில்லை, பஸ்ஸிலும் இதே கதைதான். போன வாரம் அத்தை கூப்பிட்டுத் தன் மருமகளைப் பற்றி மூச்சுவிடாமல் புலம்பினார். பஸ்ஸே காது கொடுத்துக் கேட்டது. அத்தைக்கு அது தெரியாது, பாவம். இன்னொரு நாள் டெபிட் கார்டு எண்ணைத் தம்பிக்கு ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "காதில் வைத்துப் பேசுங்களேன்பா" என்றால், "ஒண்ணும் கேட்க மாட்டேங்குது" என்கிறார். டிவி மட்டும் சாதாரண சத்தத்திலேயே கேட்கிறது! மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

பதில் 1:
சொல்வது அப்புறம், முதலில் போனைப் பாருங்கள். ரிங்டோன் சத்தம் வேறு, காதில் கேட்கும் பேச்சுச் சத்தம் வேறு. யாருடனாவது பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால்தான் பேச்சுச் சத்தம் கூடும். திரைக்கு மேலே மெல்லிய கீறலாக ஒரு துளை இருக்குமே, அதில் தூசியும் பிசுக்கும் அடைத்திருக்கலாம். காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், ஊசியால் குத்த வேண்டாம். மேலே ஒட்டிய டெம்பர் கிளாஸ் துளையை மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் 2:
கார்டு எண், ஓடிபி எதையும் நாலு பேர் நடுவில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, ஸ்பீக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஓடிபியைத் தம்பி கேட்டாலும் சொல்ல வேண்டாம். ஸ்பீக்கர் போட்டே ஆகவேண்டும் என்றால், "பஸ்ஸில் இருக்கிறேன், எல்லோருக்கும் கேட்கும்" என்று எடுத்தவுடன் சொல்லிவிடட்டும். அத்தை சட்டென்று வாயை மூடிவிடுவார்.

பதில் 3:
டிவி கேட்கிறது என்பதால் காது சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். வயதாகும்போது முதலில் கேட்காமல் போவது உயர் அதிர்வெண் ஒலிகள், அதாவது கீச்சென்ற ஒலிகள்தான். ச, ஸ, ஃப போன்றவை மங்கிப்போகும். பழைய வகை போன் இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், அதனால் அந்த ஒலிகள் ஏற்கெனவே பாதி வெட்டுப்பட்டே வரும். டிவியிலோ பேசுபவரின் உதட்டையும் பார்க்கிறோம். செட்டிங்ஸில் வோல்டிஇ (VoLTE, 4ஜி வழியாகவே பேசும் வசதி) அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். இரு பக்கமும் அந்த வசதி இருந்தால் குரல் தெளிவாக வரும். அப்படியும் கேட்கவில்லை என்றால் ஒரு காது பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
துளையில் நல்ல பிசுக்கு. துடைத்து, சத்தத்தையும் கூட்டியாயிற்று. இப்போது காதில் வைத்துத்தான் பேசுகிறார், ஆனால் கத்திப் பேசுகிறார். பரிசோதனைக்கு "எனக்கென்ன காது செவிடா?" என்று ஒரே சண்டை. அம்மாவை விட்டுப் பேசச் சொல்லியிருக்கிறேன்.