ஸ்டேஷனரி போர்டில் ஏ வருமா, ஈ வருமா?

கேள்வி (களியக்காவிளை):
அப்பா நடத்தின கடையை இப்ப நான் பாக்கிறேன். நோட்டு, பேனா, சோப்பு, சீப்பு, ரிப்பன் எல்லாம் உண்டு. பாறசாலைப் பக்கமிருந்து வர்றவங்க 'ஸ்டேஷனரிக் கடை'ன்னுதான் கேட்டு வருவாங்க. இங்கிலீஷில் புது போர்டு எழுத வந்த பெயிண்டர் அண்ணன், 'என்' (N) எழுத்து முடிஞ்சதும் ஏணியிலேயே நின்னுட்டார். "அடுத்தது ஏயா, ஈயா தம்பி?" பழைய போர்டில் ஏ. மகளோட டிக்‌ஷனரியில் ரெண்டும் இருக்கு. எது சரி?

பதில் (செங்கோட்டை):
தம்பி, ஈ போடச் சொல்லுங்க. ஏ வந்தால் 'அசையாமல் நிற்கிற' என்று அர்த்தம். புளியரை செக்போஸ்ட் வரிசையில் நிற்கிற லாரி மாதிரி. லெட்டர், பேப்பர் ரெண்டும் 'ஈ ஆர்' என்று முடியுதில்லையா, அந்த ஈதான். டீச்சராக இருந்தவரை பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பதில் (கம்பம்):
ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான், அதனாலதான் இந்தக் குழப்பம். இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுமந்து விற்றவர்கள் நடுவே, பல்கலைக்கழகத்துப் பக்கம் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவர் ஸ்டேஷனர். லண்டனில் அவங்க சங்கம் 1403-ல் அமைந்தது, 1557-ல் அரச சாசனம் வாங்கியது. அவர் விற்ற தாளும் மையும் அவர் பேரையே எடுத்துக்கிச்சு.

கேட்டவர்:
டீச்சரம்மா, ஈ போட்டாச்சு. சாக்பீஸில் வரைஞ்சிருந்த ஏயை அண்ணன் ஈரத்துணியால துடைச்சுட்டார். பழைய போர்டை உள்சுவரில் மாட்டியிருக்கேன். அது அப்பா கையால எழுதினது.