ஆஸ்கர் தொட்டியில் நத்தை தங்கவில்லை: மீன் தின்கிறதா, தண்ணீர் கொல்கிறதா?

கண்ணாடிக்கரை:
5×2×2 அடி மீன் தொட்டி, கீழே தண்ணீரை வடிகட்டும் 3 அடி சம்ப் தொட்டி. ஆஸ்கர் மீன் இரண்டு, இரண்டும் 10 அங்குலத்துக்கு மேல். பாசிக்காக ஆப்பிள் நத்தையும் நெரைட் நத்தையும் விட்டேன். ஆப்பிள் நத்தைகள் ஓட்டு வாயின் மூடியைச் சாத்திக்கொண்டு தரையிலேயே கிடந்து செத்துப்போயின. நெரைட்டுக்கு ஓட்டின் உச்சி வெளுத்துக் குழி விழுகிறது, சில செத்தும்விட்டன. செர்ரி இறால் ஒரே இரவில் காலி. ஊற்றுவது ஆர்ஓ தண்ணீர் மட்டும், டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 60. போன மாதம் வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து போட்டேன், லேபிளில் காப்பர் சல்பேட் என்று இருக்கிறது. அடுத்து ஒரு ப்ளூ லாப்ஸ்டர் விடலாமா?

சம்ப்வாசி:
ப்ரோ, இதில் மீனின் பங்கு பாதிதான்.

இறாலைத் தின்றது ஆஸ்கர், அதில் சந்தேகமே வேண்டாம். காட்டிலேயே அது நத்தையும் இறாலும் தின்னும். தொண்டைக்குள் இன்னொரு தாடை இருக்கிறது, சிறிய ஓடுகளை அங்கே வைத்து நொறுக்கிவிடும்.

ஆப்பிள் நத்தையை அது முழுங்கத் தேவையே இல்லை. காற்று எடுக்க மேலே ஏறி மூச்சுக்குழலை நீட்டும்போது கடிக்கும், மீசையைக் கடிக்கும். நத்தை மூடியைச் சாத்திவிடும். திறந்தால் மறுபடி கடி. கடைசியில் பட்டினியில் சாகும். செத்த பெரிய நத்தை ஒன்று கிடந்தாலே அம்மோனியா ஏறும். சந்தேகமாக இருந்தால் எடுத்து முகர்ந்து பாருங்கள், செத்ததென்றால் நாற்றம் குடலைப் புரட்டும்.

நெரைட் ஓட்டில் குழி விழுவது தண்ணீரால். டிடிஎஸ் 60 என்றால் கேஎச் (பிஎச்சை விழாமல் தாங்கும் கார்பனேட் அளவு) 1, 2 இருந்தாலே அதிகம். பெரிய மீன் விடும் அம்மோனியாவை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது அந்தக் கொஞ்ச கேஎச்சும் தீர்ந்து பிஎச் சரியும். அமிலத் தண்ணீரில் ஓடு கரையத்தான் செய்யும். நாளைக்கு பிஎச் ஒரேயடியாக விழுந்தால் ஆஸ்கருக்கும் ஆபத்து.

நெரைட் செத்ததற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது காப்பரை. மீன் தாங்கும் அளவு நத்தைக்கும் இறாலுக்கும் விஷம்.

கண்ணாடிக்கரை:
அப்போ எதை முதலில் சரி செய்வது அண்ணா? பவளத்துண்டு போட்டால் கேஎச் ஏறும் என்கிறார்களே.

சம்ப்வாசி:
வரிசை முக்கியம். முதலில் காப்பரை வெளியேற்றுங்கள். சுண்ணச்சத்துள்ள பொருளை முதலில் போட்டால் அது காப்பரைப் பிடித்துவைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடும்.

ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று தடவை 40% தண்ணீர் மாற்றுங்கள். சம்பில் புது ஆக்டிவேட்டட் கார்பன் அரை கிலோ வலைப்பையில் வைத்து, ஒரு வாரத்தில் எடுத்துப் புதிதாக மாற்றுங்கள். காப்பர் டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டும் வரை எந்த நத்தையும் வேண்டாம்.

பவளத்துண்டைத் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் முதல் அட்டவணையில், மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், இருக்கிறது. கிளிஞ்சலே போதும். நன்றாகக் கழுவிக் கொதிக்கவைத்து அரை கிலோ, சம்பில் ஸ்பாஞ்சுக்கு அடுத்து தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில். வாரம் ஒருமுறை கேஎச் பார்த்து, 4க்குக் கீழே இருந்தால் இன்னொரு கால் கிலோ. சுடாத கிளிஞ்சலாக இருக்க வேண்டும். சுட்ட கிளிஞ்சல் என்பது சுண்ணாம்பு, போட்டால் பிஎச் எகிறி மீன் மிதக்கும்.

நன்னீர்_நண்டு:
கிளிஞ்சல் மெதுவாகத்தான் வேலை செய்யும். போர் தண்ணீர் இருந்தால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு ஆர்ஓ கலப்பதுதான் சுலபம். போர் டிடிஎஸ் 900 என்றால் கலவை 270 வரும். ஆனால் டிடிஎஸ் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடலோரத்தில் அந்த 900இல் பெரும்பகுதி உப்பாக இருக்கலாம், கால்சியமாக இருக்காது. ஜிஎச் (கால்சியம், மெக்னீசியத்தின் அளவு), கேஎச் இரண்டையும் சோதியுங்கள். ஜிஎச் 8, கேஎச் 4 முதல் 6, பிஎச் 7.2க்கு மேல் இருந்தால் ஓடு நிற்கும். ஒரே நாளில் ஏற்ற வேண்டாம்.

லாப்ஸ்டர் வேண்டாம். கடைக்காரர்கள் அந்தப் பெயரில் விற்பது நன்னீர் கிரேஃபிஷ். இரவில் ஆஸ்கர் தரையோரம் அசையாமல் கிடக்கும்போது துடுப்பை நறுக்கும், கண்ணையும் குத்தலாம். சட்டை உரித்ததும் உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும், அப்போது ஆஸ்கர் அதைத் தின்னும். யார் முந்துகிறார்கள் என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே வாங்கியிருந்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள்.

கண்ணாடிக்கரை:
சரி, ஆஸ்கரோடு எதுவுமே நிற்காதா?

சம்ப்வாசி:
மலேசியன் ட்ரம்பெட் நத்தை நிற்கும். கெட்டியான கூம்பு ஓடு, பகலில் மணலுக்குள், இரவில் வெளியே. 4 செ.மீ. மணல் போதும். ஆஸ்கர் தோண்டிப் போட்டாலும் திரும்பப் புதைந்துகொள்ளும், சிலது போகும், குட்டி போட்டு ஈடுகட்டும். ஒன்றிலிருந்தே பெருகும். எண்ணிக்கை தாறுமாறாக ஏறினால் தீனி மிஞ்சுகிறது என்று அர்த்தம். எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணாடி மேலே ஏறி நின்றால் ஆக்சிஜனையும் அம்மோனியாவையும் பாருங்கள்.

நெரைட் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வரை தப்பும். மல்லாந்து விழுந்தால் நிமிர முடியாமல் மாட்டும், காலையில் ஒரு பார்வை பார்த்துத் திருப்பிவிடுங்கள்.

இறாலுக்கு சம்ப்தான் இடம். கடைசி அறைக்கு முந்தைய அறையில் கொஞ்சம் பாசி, ஒரு ஏர் ஸ்டோன். பம்ப் வாய்க்கு ஸ்பாஞ்ச் கட்டாயம். நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் வைத்திருக்க வேண்டும், இரண்டு பெரிய ஆஸ்கர் இருக்கும் தொட்டியில் அதற்கு வாரம் 40 முதல் 50% தண்ணீர் மாற்றாமல் முடியாது. கோடையில் தண்ணீர் 31 டிகிரி தொட்டால் சம்ப் மேலே சின்ன ஃபேன் வையுங்கள்.

நன்னீர்_நண்டு:
மறுபடி வெள்ளைப்புள்ளி வந்தால் ஆஸ்கரை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து போடுங்கள். அந்த வாளி, வலை, ஸ்பாஞ்ச் எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது.

பாசிக்காக மட்டும் நத்தை தேடுகிறீர்கள் என்றால், விளக்கை முதலில் 6 மணி நேரமாகக் குறையுங்கள். கண்ணாடியில் ஒட்டிய பச்சைப் புள்ளிகளை பிளேடால் சுரண்டுங்கள். நெரைட் கூட அதை மெதுவாகத்தான் தின்னும்.

கண்ணாடிக்கரை:
காப்பர் கிட் ஆர்டர் போட்டாச்சு. பூஜ்யம் வந்ததும் ட்ரம்பெட் மட்டும் விடுகிறேன். ஒரு சந்தேகம், ஏற்கெனவே குழி விழுந்த ஓடு திரும்ப மூடுமா?

சம்ப்வாசி:
மூடாது. தண்ணீர் சரியானால் ஓட்டின் வாய்ப்பக்கம் புதிதாக வளரும் பகுதி மழமழவென்று வரும், அதைத்தான் பார்க்க வேண்டும். பழைய குழி அப்படியே இருக்கும்.