அயினி, தேக்கு மர வேலைக்கு எந்த உளி, எந்த பேட்டரி டிரில்?

கேள்வி (தக்கலை):
கதவு, ஜன்னல் சட்டம்தான் அதிகம். கடைக்காரர் 18 வோல்ட்டை விட 20 வோல்ட் பலம்ங்கிறார். நெசமா?

பதில் 1:
அண்ணே, ரெண்டும் ஒண்ணுதான். உள்ளே 5 லித்தியம் செல் தொடரா இருக்கும். ஒண்ணுக்கு 3.6 வோல்ட், மொத்தம் 18. முழு சார்ஜில 20 தொடும், அதையே பெட்டியில பெருசா போடுவான். ஆம்பியர்-அவரை, அதாவது பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கிற கணக்கைப் பாருங்க. டிரில்லுக்கு 2 போதும். வட்ட வாளுக்கு 4 அல்லது 5 வேணும்; அதுல பெரும்பாலும் 10 செல், இணையா ரெண்டு ரெண்டா. ஒவ்வொரு செல்லும் பாதி கரண்ட் தந்தா போதும், சூடு குறையும். பிரஷ்லெஸ், அதாவது கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் எடுத்தா கார்பன் மாத்துற வேலையே இல்லை. வேலை முடிஞ்ச சூட்டோட சார்ஜ் போடாதீங்க.

பதில் 2:
உளி 6, 12, 18, 25 மில்லிமீட்டர், நாலு போதும். பெரிய செட்டில மிச்சமெல்லாம் துருப்பிடிக்கத்தான். பின்பக்கம் சமமா இருக்கான்னு மட்டத்தை வச்சுப் பாருங்க. குழிவா கொஞ்சம் இருந்தா பரவாயில்லை, புடைப்பா இருந்தா விட்டுருங்க. 25 டிகிரியில தீட்டி, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) அடிக்கு வாய் பொரிஞ்சா நுனியை மட்டும் 30 ஆக்கணும். கிரைண்டர்ல நீலம் பாய்ஞ்சா அந்த இடத்துல பதம் போச்சு.

பதில் 3:
குளச்சல் பக்கம் வேலைக்குப் போனா உப்புக்காத்து ஒரே ராத்திரியில உளியில துருவைக் காட்டிரும். தையல் மெஷின் எண்ணெய் தடவுங்க. தேங்காண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகும். அப்புறம், அயினியில 8-ஆம் நம்பர் ஸ்குரூவுக்கு முதல்ல 3 மில்லிமீட்டர் துளை போடாம இறக்கினா தலை முறியும், டிரில்லைக் குத்தம் சொல்லிப் பலனில்லை.