மறு: வனவிலங்குக் கடத்தல் – வேறு சொல் தேவையா?

> நாளிதழ்களே 'வனவிலங்குக் கடத்தல்' என்றுதான் எழுதுகின்றன. எல்லாருக்கும் புரிகிறது. இதை ஏன் கிளற வேண்டும்?

ஐயா, வணக்கம். செய்திக்கு அது போதும். நாம் தொகுப்பது பன்னாட்டுச் சட்டச் சொற்கள், அங்கே இடிக்கிறது.

முதலில் 'வனவிலங்கு'. சென்னைத் துறைமுகத்தில் பிடிபடும் செம்மரக்கட்டை விலங்கல்ல. 2001 முதல் பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டைக்கு வனமே கிடையாது. 'காட்டுயிர்' செம்மரத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கடல் அட்டைக்குத்தான் கொஞ்சம் சங்கடம், ஆனாலும் வழக்கில் ஊன்றிய சொல் என்பதால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

என் தகராறு 'கடத்தல்' மீதுதான். நட்சத்திர ஆமையை எடுத்துக்கொள்ளுங்கள். புதர்க்காட்டில் ஒருவர் பொறுக்குகிறார், இன்னொருவர் வீட்டில் சேர்த்து வைக்கிறார், தரகர் பணம் தருகிறார். அப்புறம்தான் கால் வெளியே நீளாதபடி டேப் சுற்றி, துணிமணிக்கு நடுவே பெட்டியில் அடுக்கி, மீனம்பாக்கத்துக்கு வருகிறது. சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கும்போது நாம் பார்ப்பது கடைசிக் கண்ணியை மட்டும்தான்.

அருகிவரும் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973இல் கையெழுத்தான சைட்டிஸ் உடன்படிக்கையே இதைப் பிரித்துத்தான் பேசுகிறது. 'வணிகம்' என்பதற்கு அது தரும் வரையறை ஏற்றுமதி, மறு ஏற்றுமதி, இறக்குமதி, கடலிலிருந்து கொண்டுவருதல் என்ற நான்கும். ஆனால் 8ஆம் உறுப்பு, வணிகத்தையோ வைத்திருத்தலையோ இரண்டையுமோ தண்டிக்கும்படி உறுப்பு நாடுகளிடம் சொல்கிறது. தண்டிப்பது அந்தந்த நாட்டுச் சட்டம்தான். இந்தியா 1976இல் சேர்ந்தும், நம் 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் சைட்டிஸுக்கென்று தனி இயல் வந்தது 2022 திருத்தத்தில்தான்! நட்சத்திர ஆமை சைட்டிஸின் மிகக் கடுமையான பட்டியலான முதல் பின்னிணைப்புக்கு ஏறியது 2019இல், ஜெனிவா மாநாட்டில்.

ஆகவே பிடிப்பது முதல் விற்பது வரை முழுச் சங்கிலிக்கும் 'காட்டுயிர்க் கள்ள வணிகம்', எல்லை தாண்டும் கட்டத்துக்கு மட்டும் 'கடத்தல்' என்று வைக்கலாம். 'சட்டவிரோத வணிகம்' ரொம்ப அகலம். உரிமம் புதுப்பிக்க மறந்த கடைக்காரரும் அதில் சிக்கிக்கொள்வார். 'கள்ள' என்பது கொச்சை என்று ஓர் அம்மா தயங்கியிருந்தார். கள்ளநோட்டும் கள்ளச்சந்தையும் நீதிமன்றத்திலேயே புழங்குகின்றனவே, அம்மா.

> சரி, செய்பவரை என்னவென்பது? 'கள்ள வணிகர்' என்றால் கல்லாவில் உட்கார்ந்தவர்தான் நினைவுக்கு வருகிறார். ஆமை பொறுக்கியவர் அதில் அடங்குவாரா?

அடங்கமாட்டார். 'கள்ள வணிகத்தில் ஈடுபடுபவர்' என்று விரித்தே எழுதிவிடலாம். பட்டியலில் இடம் இருக்கிறது.